செல்போன் மோகம் ரத்தத்தில் வருமா?

கல்லூரியில் மரபியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வளரிளம் பிள்ளைகளின் இணைய அடிமைத்தனத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒரு தாய்: ஐயா, என் கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டு. பதினைந்து வயது மகன் இரவு இரண்டு மணிவரை போனில் விளையாடுகிறான். "அப்பன் ரத்தம்" என்கிறார் மாமியார். உண்மையா?

முழுப் பொய் என்று தள்ள முடியாது, அம்மா. ஆனால் குடியோ போனோ அப்படியே மகனுக்கு இறங்கிவிடுவதில்லை. அவசரக் குணம், சலிப்பைத் தாங்க முடியாமை, நினைத்தது உடனே கிடைக்க வேண்டும் என்ற துடிப்பு ஆகியவற்றில் மரபுக்குப் பங்கு உண்டு. அந்தக் குணம் ஒரு காலத்தில் சீட்டுக்கட்டைத் தேடிப் போயிற்று. இன்று கைக்கு எட்டுவது போன். இன்னொன்று: மகனுடைய மரபணுக்களில் பாதி உங்களிடமிருந்து வந்தவை. இதை மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.

பள்ளி ஆசிரியர்: மரபின் பங்கு இவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரட்டையர்களை வைத்து. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களுக்கு மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்று. இரு கருவில் உருவானவர்கள் மரபில் சாதாரண அண்ணன் தம்பியைப் போலத்தான். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே சோற்றை உண்டு வளர்கிறார்கள். முதல் வகை ஜோடிகள் ஒரு பழக்கத்தில் கூடுதலாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதலை மரபின் கணக்கில் எழுதுவார்கள்.

நெதர்லாந்தில் 5,247 வளரிளம் இரட்டையர்களிடம் 14 கேள்விகள் கேட்டார்கள். இணையத்தால் தூக்கம் குறைகிறதா என்பது அவற்றில் ஒன்று. பிள்ளைகளுக்கிடையே தெரிந்த வேறுபாட்டில் 48 சதவீதம் மரபால் வந்தது என்று கணக்கு வந்தது. இதைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். உங்கள் மாணவன் நான்கு மணி நேரம் போன் பார்த்தால் அதில் இரண்டு மணி நேரம் மரபணுவுடையது என்று பொருள் அல்ல. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய எண் அது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-இல்தான். நம் தாத்தாக்களுக்கும் இதே மரபணுக்கள் இருந்தன. அடிமையாக இணையம்தான் இல்லை.

மீதி 52 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக அமையும் சூழல்: அவன் நண்பன், அவன் வகுப்பு, அவனுக்கு நேர்ந்த ஓர் அவமானம். அளவீட்டுப் பிழையும் இதற்குள்தான் ஒளிந்திருக்கும். உடன்பிறந்தவர்களை ஒரேமாதிரி ஆக்கும் குடும்பச் சூழலின் பங்கு தென்படவில்லை. அதனால் வளர்ப்பு வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே திட்டு அண்ணனை அடக்கும். தம்பியைக் கதவைச் சாத்திக்கொள்ள வைக்கும்.

பிளஸ் டூ மாணவர்: எந்த மரபணு என்று சொல்லுங்கள், ஐயா.

அதைத் தேடியவர்கள் உண்டு, தம்பி. கொரியாவில் 2007-இல், இணைய விளையாட்டில் மூழ்கிய 79 சிறுவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான இரண்டு மரபணுக்களைச் சுட்டினார்கள். அடுத்த ஆண்டு அங்கேயே, செரட்டோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள் தொடர்பான மரபணு ஒன்று. 2012-இல் ஜெர்மனியில், மூளை செல்களில் நிகோட்டின் போய் ஒட்டும் இடமான ஏற்பியோடு தொடர்புடைய இன்னொன்று. அங்கே ஒப்பிட்டது இருபுறமும் 132 பேரை. எனக்கு இவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. மனச்சோர்வுக்கும் இப்படிப் பேர்போன மரபணுக்கள் பல இருந்தன. 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுக்களைவிட அவை எவ்விதத்திலும் மேலாக இல்லை. இத்தகைய குணங்களுக்குப் பின்னால் இருப்பவை, தனித்தனியே மிகச் சிறிய விளைவுள்ள ஆயிரக்கணக்கான மரபு வேறுபாடுகள்.

ஒரு தந்தை: எச்சில் மாதிரி கொடுத்தால் பிள்ளைக்கு இந்த ஆபத்து உண்டா என்று சொல்லிவிடுவதாக விளம்பரம் பார்த்தேன்.

பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாய்: மகள் விளையாடுவதில்லை, அரட்டைதான். பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவா?

அதே நெதர்லாந்து ஆய்வில் மொத்த மதிப்பெண்ணில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை. பையன்கள் விளையாட்டில் அதிக நேரம் செலவிட்டார்கள். பெண்கள் சமூக வலைத்தளத்திலும் அரட்டையிலும். விளையாடவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஒரு சித்தப்பா: இது நோயா, வெறும் கொழுப்பா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் இருப்பது, வீடியோ விளையாட்டுக்கு அடிமையாகும் 'விளையாட்டுக் கோளாறு' மட்டும். பொதுவான இணைய அடிமைத்தனம் அதில் தனி நோயாக இல்லை. படிப்பு, உறவு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாத நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். பையனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள கோளாறு, இருக்கிறதா என்றும் பாருங்கள். மரபின் பங்கு மிக அதிகமுள்ள குறைபாடு அது. அதற்கு நல்ல சிகிச்சையும் உண்டு. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

முதலில் கேட்ட தாய்: இன்றிரவு நான் என்ன செய்வது, ஐயா?

சார்ஜரை அவன் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள். பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் அங்கே வரட்டும். மாமியாருடையதும்தான்.