எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் ஒரு கொலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொஞ்ச காலமாக அகதா கிறிஸ்டி எழுதிய, மிஸ் மார்ப்பிள் என்ற கிராமத்து மூதாட்டி துப்பறியும் கதைகளாகத் தேடிப் படிக்கிறேன். பெருநகரத்தில் நடக்கும் தொடர்கொலை நாவல்கள் எனக்குச் சீக்கிரமே சலித்துவிடுகின்றன. ஒரு தேவாலயம், ஒரு தபால் நிலையம், நாலைந்து வீடுகள் என்று ஒரு சின்ன ஊர் வந்துவிட்டால் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. என் தோழியோ, "அழகான கிராமம், தேநீர், ரோஜாத் தோட்டம், நடுவில் ஒரு பிணம். சுகமான பொழுதுபோக்கு, அவ்வளவுதான்" என்கிறாள். அப்படி இல்லை என்று மனதுக்குப் படுகிறது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் தோழி தனியாக இல்லை. கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் 1948இல் எழுதிய ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார். துப்பறியும் கதைகளுக்கு அடிமையாகவே இருந்தவர் அவர். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் நடக்காத கதை என்றால் தனக்குப் படிக்கவே ஓடாது என்கிறார். ஏதேன் தோட்டம் போன்ற ஓர் இடம், அதில் ஒரு கொலை, குற்றவாளி பிடிபட்டதும் தோட்டம் பழையபடி மாசற்றதாகிவிடுகிறது. வாசகனின் மனமும் கூடவே இலேசாகிறது. அவருடைய வாதத்தின் சாரம் இது.

கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் கிறிஸ்டி விஷயத்தில் என்னால் அதை ஏற்க முடியவில்லை. மிஸ் மார்ப்பிளின் ஊரான செயின்ட் மேரி மீட் எந்தக் காலத்தில் ஏதேனாக இருந்தது? 1930இல் வந்த 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' எப்படித் தொடங்குகிறது பாருங்கள். மதியச் சாப்பாட்டு நேரம். பாதிரியார் வேகவைத்த மாட்டிறைச்சியை அரிந்துகொண்டே, கர்னல் புரோதரோவை யாராவது கொன்றால் உலகத்துக்கே நல்லது என்கிறார். சொல்பவர் ஊருக்கு உபதேசம் செய்கிறவர்! கொலை விழுவதற்கு முன்பே அந்த ஊரில் வெறுப்பு நன்றாக வேரோடிக் கிடக்கிறது.

நகரத்தில் கொன்றவன் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடலாம். சின்ன ஊரில் அது நடக்காது. கொன்றவர் மறுநாள் தபால் நிலையத்துக்கு வந்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும், இழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தாக வேண்டும். அவர் மேல் சந்தேகப்படுகிறவரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியே தீர வேண்டும். உங்களைப் புத்தகத்தோடு கட்டிப்போடுவது இந்த இக்கட்டுதான் என்று நினைக்கிறேன். அந்நியன் மீதான பயம் கதவைச் சாத்தினால் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் மீதான பயத்துக்குக் கதவே கிடையாது.

இன்னொன்று, அந்த ஊர்கள் சேர்த்து வைத்திருக்கும் அறிவு. அதை வம்பு என்று நாம் மட்டமாகப் பேசுகிறோம். 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' (1932) தொகுப்பின் முதல் கதையில் ஒரு சின்னக் கூட்டம் கூடி, விடை தெரியாத மர்மங்களைப் பேச உட்கார்கிறது. ஸ்காட்லாந்து யார்டின், அதாவது லண்டன் போலீஸின், முன்னாள் கமிஷனரே அதில் இருக்கிறார். மிஸ் மார்ப்பிளோ, திருமதி கரூதர்ஸ் என்பவர் கடையில் வாங்கிய இறால் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்ற கதையை எடுக்கிறார். கேட்பவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. ஆனால் கமிஷனர் சொல்லும் விஷக்கொலையை அவிழ்ப்பது அதே கிழவிதான், அதுவும் தன் ஊர்க்காரர் ஒருவரின் ஞாபகம் வந்ததால். மனிதர்களை அவர் படித்த பள்ளிக்கூடம் அந்தத் தெருதான்.

இது கதாசிரியர்கள் மட்டும் கட்டிவிட்ட விஷயம் இல்லை. 1860 ஜூன் கடைசியில் இங்கிலாந்தின் ரோட் என்ற கிராமத்தில், வசதியான ஒரு வீட்டில் நாலு வயதுகூட நிரம்பாத குழந்தை கொல்லப்பட்டது. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த ஜோனதன் விச்சர் கவனித்தது சலவைக் கணக்கைத்தான். குழந்தையின் 16 வயது அக்கா கான்ஸ்டன்ஸ் கென்ட்டின் இரவு உடை ஒன்று குறைந்தது. சாட்சியம் போதாமல் அவள் விடுதலையானாள். மரியாதையான குடும்பத்தின் துணிமணியைக் கிளறினார் என்று விச்சர்தான் வசைபட்டார். 1865இல் அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவலில் காணாமல்போன இரவு உடை வேறு உருவில் மறுபடி வருகிறது. இந்த வகை எழுத்து முளைத்தது ஏதேன் தோட்டத்தில் இல்லை, அழுக்குத்துணிக் கூடையில்.

அடுத்து நீங்கள் படிக்க வேண்டியது 1950இல் வெளிவந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு'. முடிவைச் சொல்ல மாட்டேன். உள்ளூர்ப் பத்திரிகையில் இன்ன வீட்டில், இத்தனை மணிக்குக் கொலை நடக்கும் என்று விளம்பரம் வருகிறது. ஊரே கிளம்பிப் போகிறது. உலகப்போர் முடிந்த காலம், ரேஷன் இன்னும் நீங்கவில்லை (1954இல்தான் முழுக்க நீங்கியது). பக்கத்துப் பண்ணையில் வியாழக்கிழமை வெண்ணெய் எடுப்பார்கள். அது சத்தமில்லாமல் வீடு வீடாகப் போகும், பதிலுக்கு வெள்ளரிக்காயோ வேறெதுவோ வரும். இதை யாரும் இன்ஸ்பெக்டரிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாதிரியாரின் மனைவி போட்டு உடைக்கும்போதுதான், பூட்டாத கதவுகள் வழியாக யார் வேண்டுமானாலும் எந்த வீட்டுக்குள்ளும் போய் வந்திருக்கலாம் என்று அவருக்கு உறைக்கிறது.

மிஸ் மார்ப்பிள் அந்த இன்ஸ்பெக்டரிடம் சொல்லும் ஒரு விஷயம்தான் எனக்கு அந்த நாவலிலேயே உச்சம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஊரில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது வந்து குடியேறுகிறவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்களோ அதுதான் நமக்குத் தெரியும் என்கிறார். ரேஷன் புத்தகமும் அடையாள அட்டையும் இருக்கின்றன, அட்டையில் படமும் இல்லை, கைரேகையும் இல்லை. 'எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்' என்ற நம்பிக்கையையே கிறிஸ்டி அங்கே உருவி எடுத்துவிடுகிறார். தேநீரும் தோட்டமும் அப்படியே இருக்கின்றன. உங்கள் தோழிக்கும் அந்த நாவலையே கொடுங்கள். முதல் அத்தியாயத்தில் ஒரே விளம்பரத்தை ஒவ்வொரு வீட்டிலும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை மட்டும் அவர் நிதானமாகப் படிக்கட்டும்.