ஆதியாகமமும் அறிவியலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆறு நாள்களை ஆறு யுகங்களாகவும், 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்பதைப் பெருவெடிப்பாகவும் வைத்து ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தலாமா?

பதில்: வேண்டாம். பார்வைக்கு அழகாகப் பொருந்தும். மூன்றாம் நாளிலேயே தையல் விட்டுவிடும். அன்று மரம் செடிகள் முளைக்கின்றன, சூரியனோ நான்காம் நாள்தான் வருகிறது. ஒரு நாளை எத்தனை கோடி ஆண்டாக இழுத்தாலும் இந்த வரிசை மாறாது.

அதற்குப் பதில் கரும்பலகையில் நாள்களை ஜோடி சேர்த்து எழுதுங்கள். 1-ம் நாள் ஒளியும் இருளும். நேர் எதிரே 4-ம் நாள், சூரிய சந்திர நட்சத்திரங்கள். 2-ம் நாள் வானமும் நீரும். எதிரே 5-ம் நாள், பறவையும் மீனும். 3-ம் நாள் தரை. எதிரே 6-ம் நாள், மிருகமும் மனிதனும். முதலில் வீடு, பிறகு குடியேற்றம். இது கால அட்டவணை அல்ல என்பது பிள்ளைகளுக்கே பிடிபட்டுவிடும். இந்த நாள்கள் நம்முடைய சாதாரண நாள்கள்தானா என்று ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் 5-ம் நூற்றாண்டிலேயே கேட்டிருக்கிறார். டார்வினுக்குப் பயந்து கிளம்பிய கேள்வியல்ல அது.

பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்டவரே ஒரு கத்தோலிக்கக் குரு, பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. விசுவாசத்தை ஒரு கோட்பாட்டோடு முடிச்சுப் போட்டால், கோட்பாடு திருத்தப்படும்போது விசுவாசமும் சேர்ந்து ஆடும்.

கேள்வி: பரிணாமத்தை ஒப்புக்கொண்டால் ஆத்துமா என்னாவது?

பதில்: இங்கே தமிழ் மொழிபெயர்ப்பே நம்மைத் திசைதிருப்புகிறது. பழைய மொழிபெயர்ப்பில் 1:24-ல் மிருகங்கள் 'ஜீவஜந்துக்கள்'; 2:7-ல் மனிதன் 'ஜீவாத்துமா'. எபிரெய மூலத்தில் இரண்டு இடத்திலும் 'நெஃபெஷ் ஹய்யா', அதாவது உயிருள்ள ஒன்று. ஆகவே மிருகத்துக்கு இல்லாத ஆத்துமா மனிதனுக்கு உண்டு என்று நிறுவ 2:7 மட்டும் போதாது. 'ஆதாம்' என்ற பெயரும் மண்ணைக் குறிக்கும் 'அதாமா'வை ஒட்டியதுதான்.

மிருகங்களோடு நமக்குள்ள இந்த உறவை நம் உடம்பும் சொல்கிறது. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் சிம்பன்ஸி, கொரில்லாவுக்கு 48, நமக்கு 46. குறைந்த ஜோடி தொலைந்துபோகவில்லை. மூதாதையரின் இரு குரோமோசோம்கள் ஒட்டித்தான் நமது 2-ம் குரோமோசோம் ஆனது. ஒட்டிய தடம் இன்னும் அதில் இருக்கிறது.

மனிதனுக்கான தனி இடத்தை 1:26-ன் 'சாயல்' என்ற சொல்லில் தேடுவது மேல். அதே வசனம் அவனுக்கு மற்ற உயிர்கள்மேல் பொறுப்பையும் கொடுக்கிறது.

சபைகள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. உடலின் தோற்றம் குறித்துப் பரிணாமத்தை ஆராயலாம், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்றது கத்தோலிக்கத் திருச்சபையின் 1950 சுற்றுமடல். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று 1996-ல் இரண்டாம் ஜான் பால் ஒருபடி மேலே போனார். புராட்டஸ்டண்ட் இறையியலாளர் சிலருக்கோ ஆத்துமா தனிப் பொருளே அல்ல, முழு மனிதன்தான். அப்படியானால் மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே அந்த மனிதன் எங்கே? இதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: சபையில் நான்கு வாரப் படிப்பு வைக்க விரும்புகிறோம். எப்படி?

பதில்: பன்னிரண்டு பேர், தடவைக்கு ஒன்றரை மணி நேரம். முதல் வாரம் வேதபகுதி மட்டும், அறிவியல் பேச்சே வேண்டாம். இரண்டாம் வாரம் அண்டமும் பூமியும், மூன்றாம் வாரம் மரபணு. இவற்றைப் போதகர் நடத்த வேண்டாம், அந்தத் துறையில் வேலை செய்பவரை அழையுங்கள். நான்காம் வாரம் ரோமர் 5-ம் அதிகாரம். உண்மையான முடிச்சு அங்கேதான்: ஆதாம் தனி ஒருவர் இல்லையென்றால் பாவம் 'ஒருவனாலே' வந்தது எப்படி? அந்த வாரத்துக்கு மட்டும் கூடுதலாக அரை மணி ஒதுக்குங்கள். கேள்விகளைச் சீட்டில் வாங்குங்கள். கைதூக்கச் சொன்னால் மூன்று பேர்தான் பேசுவார்கள்.

'அறிவியலுக்கு எட்டாதது கடவுளின் வேலை' என்று யாராவது ஆரம்பித்தால் நியூட்டனை நினைவூட்டுங்கள். கோள்களின் பாதையைக் கடவுள் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும் என்று அவர் எண்ணினார். பின்னால் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸின் கணக்கு அந்தத் தேவையை நீக்கிவிட்டது.