லீவு லெட்டரைக் கேட்காதீர்கள், கணக்கு நோட்டைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். 180 பிள்ளைகள் படிக்கிறார்கள். என் மகனும் அங்கேதான் ஆறாவது. கணக்கு டீச்சர் இந்த வருஷம் அடிக்கடி லீவு. காரணம் என்ன, லீவு லெட்டரைக் காட்டுங்கள் என்று சில பெற்றோர் ஹெச்.எம்.மிடம் சண்டை போடுகிறார்கள். ‘அது அவங்க சொந்த விஷயம்’ என்கிறார் அவர். சரி, மானியக் கணக்கையாவது காட்டுங்கள் என்றால் ‘அது ஆபீஸ் விஷயம்’ என்று பீரோவைப் பூட்டிவிடுகிறார். ஆனால் எட்டாம் வகுப்பு மார்க் லிஸ்டை மட்டும் வகுப்பாசிரியர் அப்படியே போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கடைசியில் இருந்த பெண் அன்றிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. இதற்கிடையே சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், எல்லா வகுப்பறைக்கும் கேமரா வாங்கித் தருகிறேன், பெற்றோர் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு ஆசை. டீச்சர்களோ மாறுதல் கேட்டுப் போய்விடுவோம் என்கிறார்கள். நான் எதைக் கேட்பது, எதை விடுவது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பாருங்கள். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், அவள் விஷயம் பொறுக்காது. அவள் வீட்டுக்கு நீங்கள் மட்டும் போங்கள். துணை வேண்டுமானால் அவளுக்குப் பிடித்த டீச்சர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். குழு உறுப்பினர்கள் பத்துப் பேர் போய்த் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவுக்கே மறுபடியும் மார்க் ஞாபகம் வரும். நீங்களாக மார்க்கைப் பற்றிப் பேச்சை எடுக்க வேண்டாம். ‘அந்த லிஸ்டைப் போட்டது பள்ளிக்கூடத்தின் தப்பு, உன் தப்பு இல்லை, அதை எடுத்தாச்சு’ என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் அதை உண்மையிலேயே எடுத்திருக்க வேண்டும். குரூப்பில் அழித்தாலும் போனில் இறக்கி வைத்தவர்களிடம் படம் இருக்கும். ஆகவே ‘அவரவர் போனிலும் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்’ என்று ஹெச்.எம். பெயரிலேயே குரூப்பில் எழுதச் சொல்லுங்கள். அவள் மனசு இன்னும் தேறவில்லை என்று தெரிந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசுங்கள். குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கிறது.

அந்த வகுப்பாசிரியர் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார். எல்லாப் பெற்றோருக்கும் ஒரே தடவையில் தெரியட்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்குச் சொல்வது வேறு. 2009-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 24-வது பிரிவு, பெற்றோரைத் தவறாமல் சந்தித்து அவர்களுடைய பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்கிறது. அவர்களுடைய பிள்ளையைப் பற்றித்தான், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளுக்கே மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. அப்படியிருக்க ஒரு கிராமத்து எட்டாம் வகுப்பில் கடைசி மார்க் யாருடையது என்று ஊருக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

மார்க்கோடு இது நிற்பதில்லை. எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவதற்காக வகுப்பில் விவரம் கேட்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ‘ஸ்காலர்ஷிப் பணம் வந்தவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்பார்கள். நாலு பிள்ளைகள் எழுந்து நிற்கும். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று மற்ற முப்பது பேருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். மத்தியானம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுவரை அது போய் நிற்கும். நாங்குநேரியில் 2023-ல் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்றது. டெல்டாவில் அப்படி எல்லாம் இல்லை என்று நம் ஆட்கள் சொல்லக்கூடும். கீழவெண்மணி இருக்கும் மண்ணில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. சாதி, வியாதி, அப்பா குடிக்கிறாரா, அம்மா தனியாக வாழ்கிறாரா, ஃபீஸ் பாக்கி எவ்வளவு, மாதவிடாய்க்காக எந்தப் பெண் லீவு போட்டாள் என்பவை எல்லாம் அந்தப் பிள்ளையிடமும் அதன் வீட்டாரிடமும் மட்டும் பேச வேண்டியவை. உங்கள் பள்ளியில் இதைத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

இனி பூட்டிய பீரோ. இந்த விஷயத்தில் நீங்கள் ஒரு அடிகூடப் பின்வாங்கக் கூடாது. மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. அரசிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதைக் குழுவின் வேலையாகவே அந்தப் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. தலைவியான உங்களிடமே ‘ஆபீஸ் விஷயம்’ என்று சொல்ல ஹெச்.எம்.முக்கு இடமில்லை. சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருஷ மானியம் 50,000 ரூபாய். அது வந்ததா, எவ்வளவு வந்தது, சுண்ணாம்பு அடித்ததற்கு எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு என்பதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

கூட்டத்தில் வாயால் படித்துவிட்டு நோட்டை மூடுவது போதாது. குறுவை அறுப்பும் சம்பா நடவும் நெருக்கியடிக்கும் புரட்டாசி, ஐப்பசியில் கூலியை விட்டுவிட்டு எந்தத் தாய் மூன்று மணிக் கூட்டத்துக்கு வருவாள்? அவள் சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வரும்போது வாசலிலேயே படிக்கும்படி, பெரிய எழுத்தில், நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வரவு, செலவு, காலிப் பணியிடம், கழிப்பறை எத்தனை, அதில் எத்தனை ஓடுகிறது, கட்டடத்தைப் பொறியாளர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று எல்லாம் அதில் இருக்கட்டும்.

கட்டடத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், நம் ஊர்ப்பக்கத்தில் அதற்குக் கொடுத்த விலை அப்படி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்திலிருந்து கிளம்பிய தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் போனார்கள். அந்தப் பெற்றோருக்குத் தம் பிள்ளைகள் வாங்கிய மார்க் தெரியும், எழுதிய வீட்டுப்பாடம் தெரியும். மாடியில் என்ன கூரை இருக்கிறது, இறங்க எத்தனை படிக்கட்டு இருக்கிறது, அதிகாரி யார் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பள்ளிகளில் வெளிப்படைத்தன்மை என்று நான் பிடிவாதம் பிடிப்பது முதலில் இதற்காகத்தான்.

ஹெச்.எம். அப்போதும் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ஆனால் சண்டைக்காக மனு போடாதீர்கள். ‘இந்த நிதியாண்டின் மானிய வரவு செலவு நகல்’ என்று ஒரே விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள்.

இப்போது கணக்கு டீச்சர். இங்கே உங்கள் ஹெச்.எம். சொன்னது சரி. அரசு ஊழியருக்குக் கொடுத்த மெமோ, தண்டனை, சொத்து விவரம் போன்றவற்றைக்கூட, பெரிய பொதுநலன் இருந்தாலொழியத் தனிப்பட்ட தகவல் என்றே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் சொல்லிவிட்டது. லீவு லெட்டரில் என்ன இருக்கும்? கர்ப்பப்பைக் கட்டி என்று இருக்கலாம், குடும்ப நீதிமன்ற வாய்தா என்று இருக்கலாம், படுத்த படுக்கையான மாமியார் என்று இருக்கலாம். மன்னார்குடியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ பஸ் மாறி வரும் ஒரு பெண், தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை டீக்கடை பெஞ்சு படித்த பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பார்?

முறை வைத்துத் தண்ணீர் விடும்போது எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று ஊருக்கே தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மண்வெட்டியோடு மதகில் நிற்போம். அதற்காக மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் வீட்டுக் கடனை யாரும் விசாரிப்பதில்லை. டீச்சர் விஷயத்திலும் அதுதான் அளவு. எத்தனை நாள் கணக்கு வகுப்பு நடக்கவில்லை, அன்று அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள், பாடம் எதுவரை வந்திருக்கிறது, நின்றுபோனதை எப்போது முடிப்பார்கள் என்று தேதியோடு கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் ஏற்றுங்கள். லீவு இன்னும் நீளும் என்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பும்படி குழுவின் பெயரில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள். காலிப் பணியிடம் என்றால் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க 2022-ல் அரசே வழி செய்தது. உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது கணக்குப் பாடம். டீச்சருக்கு என்ன வியாதி என்று தெரிவதால் ஒரு பின்னக் கணக்கும் முடியப்போவதில்லை.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. ஒரு குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தார்கள், அடித்தார்கள் என்று பேச்சு வந்தால் அங்கே ‘ஆசிரியரின் தனியுரிமை’, ‘பள்ளியின் மானம்’ என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்கலாம் என்பவர் யாராக இருந்தாலும், ஊர்ப் பெரியவராகவே இருந்தாலும், கேட்காதீர்கள். பாலியல் தொல்லை என்றால், குழந்தைகளை அதிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டம் 2012-ன்படி, தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். அதே சட்டம் அந்தக் குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி எதுவும் ஊடகத்தில் வெளியே வரக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் ‘நீதி வேண்டும்’ என்று அந்தக் குழந்தையின் போட்டோவைப் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவையுங்கள். புகார் போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். 18 வயது நிரம்பாத எல்லாரையும் அது குழந்தை என்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அது நல்லது. ஆனால் அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிட்டால் மறுப்பதைச் சுலபமாக்கியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பீரோவைப் பூட்டுகிறவர்கள் கையில் இன்னொரு பூட்டைக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கடைசியாகக் கேமரா. சிங்கப்பூர் அண்ணன் நல்ல மனசோடுதான் கேட்கிறார், அவரைப் புண்படுத்த வேண்டாம். ஆனால் வகுப்பறைக்குள் கேமரா வைத்து, அதைச் செல்போனில் ஓடவிடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். டெல்லி அரசு 2019-ல் இதைத் தொடங்கி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. உங்கள் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெற்றோர் தன் பிள்ளையை மட்டுமா பார்ப்பார்? அந்த அறையில் இருக்கும் முப்பது பிள்ளைகளையும், டீச்சரின் புடவையையும் சேர்த்துத்தான் பார்ப்பார். வாய்ப்பாடு மறந்து திணறுகிற பையனை ஒருவர் ஸ்கிரீன் ஷாட் எடுத்தால், மார்க் லிஸ்டுக்கு நேர்ந்ததுதான் தினமும் நடக்கும். பாஸ்வேர்டு எந்த மாமா கையில், எந்தப் பக்கத்து வீட்டுப் பையன் கையில் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று ஒரு பிள்ளை கையைத் தூக்குவதற்கு, அந்த அறையில் டீச்சரும் கூட்டாளிகளும் மட்டும் இருக்க வேண்டும்.

நுழைவாயிலிலும் வராந்தாவிலும் இரண்டு கேமரா வைக்கலாம். கழிப்பறைப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு ஹெச்.எம். அறையில் இருக்கட்டும், யாருடைய போனுக்கும் போக வேண்டாம். புகார் வந்தால் மட்டும் ஹெச்.எம்.மும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, பார்த்த தேதியையும் காரணத்தையும் நோட்டில் எழுதுங்கள். எத்தனை நாளில் அழிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

மீதிப் பணத்துக்கு நானே ஒரு பட்டியல் தருகிறேன். பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள், வாசலுக்குப் பெரிய நோட்டீஸ் போர்டு, பெற்றோரோடு ஆசிரியர் தனித்தனியாக உட்கார்ந்து பேச ஒரு மேஜையும் நாலு நாற்காலியும். விலை விசாரித்து, அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, நகலை அவருக்கு அனுப்புங்கள். பொருள் வந்ததும் பில்லை அந்தப் புதுப் போர்டிலேயே ஒட்டிவிடுங்கள்.