விம்பிள்டனுக்கு முன்: யார் ஃபார்மில், யாருக்கு யார் எமன்?

கேள்வி: முந்தைய வாரம் புல்தரையில் கோப்பை வென்றவரையே விம்பிள்டன் பெண்கள் பட்டத்துக்கும் நம்பலாமா?

நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. 2025-இல் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் புல்தரைப் போட்டியின் இறுதியில் ஜெசிகா பெகுலா, இகா ஸ்வியான்டெக்கை நேர் செட்களில் வென்றது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை விம்பிள்டன் முதல் சுற்றிலேயே எலிசபெட்டா கொச்சியாரெட்டோவிடம் தோற்று வெளியேறினார். தோற்றுப்போன ஸ்வியான்டெக்தான் விம்பிள்டன் கோப்பையைத் தூக்கினார். கோப்பையை விடுங்கள், புல்தரையில் எத்தனை ஆட்டம் ஆடினார், கடைசி ஆட்டத்துக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு என்று எண்ணுங்கள். அதே ஆண்டு பாரிஸில் களிமண் தரையில் பிரெஞ்சு ஓபன் பட்டம் வென்ற கோகோ காஃப், பெர்லின் புல்தரையில் ஒரே ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டு விம்பிள்டன் வந்தார். முதல் சுற்றில் டயானா யாஸ்ட்ரெம்ஸ்கா அனுப்பிவைத்தார். களிமண்ணில் தோள் உயரத்துக்கு எழும் பந்து, புல்லில் முழங்காலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு வரும். ஃபோர்ஹேண்ட் அடிக்க காஃப் ராக்கெட்டைப் பிடிக்கும் விதத்துக்கு அந்தத் தாழ்ந்த பந்துதான் சிக்கல்.

கேள்வி: லாட்வியாவின் யெலெனா ஆஸ்டபென்கோவிடம் ஸ்வியான்டெக் ஏன் இப்படித் திணறுகிறார்?

2019 முதல் 2025 ஏப்ரல் வரை ஆறு முறை மோதினார்கள், ஆறிலும் ஆஸ்டபென்கோவே. புல், கடினத் தரை, களிமண் மூன்றிலும் நடந்ததால் தரையைக் குறைசொல்ல வழியில்லை. ஸ்வியான்டெக்கின் ஃபோர்ஹேண்டுக்கு நேரம் வேண்டும்: பந்து எழ வேண்டும், கால் அமைய வேண்டும், பிறகுதான் அந்தக் கனமான டாப்ஸ்பின், அதாவது விழுந்ததும் உயர எழும்பும் சுழல்பந்து. முதல் செர்வ் தவறினால் அடிக்கும் இரண்டாம் செர்வுக்கு, ஆஸ்டபென்கோ கோட்டுக்கு உள்ளே வந்து நின்று, எழும்போதே தட்டையாக அடிக்கிறார். அடுத்த பந்து ஸ்வியான்டெக் தயாராகும் முன் வந்துவிடுகிறது. இதே ஆட்டம் மற்றவர்களிடம் தவறுகளாகச் சிதறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2025 விம்பிள்டனில் ஆஸ்டபென்கோ முதல் சுற்றோடு சரி. எமன் அந்தத் தெருவுக்கே வராவிட்டால் பயமென்ன? நேருக்கு நேர் கணக்கைப் பார்க்கும் முன், இருவரும் எந்தச் சுற்றில் சந்திக்க முடியும் என்று டிராவில், அதாவது யார் யாருடன் மோதுவார் என்ற அட்டவணையில் பாருங்கள்.

கேள்வி: டிராவில் முதலில் எதைப் பார்ப்பது?

128 பேரில் 32 பேருக்கு சீட், அதாவது தரவரிசைப்படி தரும் முன்னுரிமை எண். சீட் பெற்ற இருவர் மூன்றாம் சுற்றுக்கு முன் மோத மாட்டார்கள். முதல் எட்டு சீட்களுக்கு அங்கே 25 முதல் 32 வரையிலான சீட்களில் ஒருவர் வருவார். ஆனால் கண் வைக்க வேண்டியது சீட் இல்லாதவர்கள் மீது. காயத்தால் தரவரிசையில் சரிந்து, ஆட்டம் மட்டும் குறையாதவர்கள் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள். 2023-இல் மார்கெட்டா வோன்ட்ருசோவா சீட் இல்லாமலேயே விம்பிள்டனை வென்றார். இடதுகைக்காரர் வேறு, விளம்பர வாசகம் போல எல்லோரும் சொல்வதுதான், ஆனால் உண்மை: அவர்களது வெட்டு செர்வ், வலதுகைக்காரரின் பேக்ஹேண்டை மைதானத்துக்கு வெளியே இழுத்துவிடும்.

கேள்வி: 6-0, 6-0 என்று தோற்றவர் அதே எதிராளியிடம் மீள முடியுமா?

அமண்டா அனிசிமோவா மீண்டார். 2025 விம்பிள்டன் இறுதியில் ஸ்வியான்டெக்கிடம் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் அமெரிக்க ஓபன் காலிறுதியில் 6-4, 6-3 என்று அதே ஸ்வியான்டெக்கை வென்றார். முதல் கிராண்ட் ஸ்லாம் இறுதியின் பதற்றத்தில் வந்த ஸ்கோரைத் திறமையின் அளவாக எடுக்கக் கூடாது.

கேள்வி: ஒரே ஒரு புள்ளிவிவரம் பார்க்க வேண்டுமென்றால்?

இரண்டாம் செர்வில் வென்ற புள்ளிகள். பெண்கள் டென்னிஸில் 50 சதவீதம் அருமை. தொடர்ந்து 40-க்குக் கீழே இருந்தால், எதிராளி தொடவே முடியாத செர்வான ஏஸ் எத்தனை அடித்தாலும் நல்ல ரிட்டர்ன்காரரிடம் மாட்டிக்கொள்வார். அதோடு டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு செர்வும் தவறுவது, எப்போது விழுகிறது என்றும் கவனியுங்கள்: 40-0 என்று முன்னிலையில் விழுந்தால் பரவாயில்லை, கேமை இழக்கும் விளிம்பான 30-40-இல் திரும்பத் திரும்ப விழுந்தால் கை நடுங்குகிறது.