வாசகர் கேள்வி – பதில்: கழற்ற வராத கதவுப் பேட்

கேள்வி: என் தந்தையார் வாங்கிய 1978ஆம் ஆண்டு அம்பாசடர் கார் இன்றும் ஓடுகிறது. கண்ணாடி ஏற்றும் மெஷினைப் பார்ப்பதற்காகக் கதவின் உட்புறப் பேடைக் கழற்றியபோது, அது விளிம்போடு பிய்ந்து வந்துவிட்டது. முன்பு குஷன் வேலை பார்த்தவர் அதைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார். அடுத்த முறை சேதமின்றிக் கழற்ற என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: குஷன்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் அடித்துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அவை மண்ணடைத்துப் போனாலோ, பேடுக்குப் பின்னால் பாலிதீன் தாள் இல்லாமல் போனாலோ, பேடின் உள்பலகையான ஹார்ட்போர்டு ஈரத்தில் ஊறி உப்பி, அதைக் கதவோடு பிடித்து நிறுத்தும் கிளிப்புகளுக்கான துளைகள் உதிர்ந்துவிடும். பிடிமானம் போன பிறகுதான் பசை வருகிறது. ஆகவே முதலில் அந்த அடித்துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

பழைய பேடை அச்சாக வைத்துப் புதிய பலகையை வெட்டி, ரெக்ஸின் போர்த்துவதற்கு முன் இருபுறமும், முக்கியமாக விளிம்புகளிலும் கிளிப் துளைகளிலும், இரண்டு கை வார்னிஷ் பூசிவிடுங்கள். ரெக்ஸினைப் பலகையின் பின்புறம் மடித்து ஒட்டலாமே தவிர, பலகையைக் கதவோடு ஒருபோதும் ஒட்டக் கூடாது. பாலிதீன் தாளுக்கும் இறுகிப்போகும் பசை வேண்டாம். உரித்து மறுபடி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பியூட்டைல் டேப் போதும். அதிகம் நனையும் கீழ் விளிம்பில் மட்டும், கிளிப்புக்குப் பதிலாகக் கிண்ண வாஷர் போட்ட ஸ்க்ரூக்களைப் பயன்படுத்தலாம். அசல் வடிவம் மாறுகிறதே என்று பழைய கார் பிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். கதவை மூடினால் கண்ணில் அதிகம் படாத இடம் என்பதால், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தகரத்தில் புதிய துளை போடாமல், ஏற்கெனவே இருக்கும் கிளிப் துளைக்குள் பொருந்தும் நைலான் நட்டைச் செருகி, அதில் ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

கழற்றும் முன், கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டுக் கைப்பிடி எந்தத் திசையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் ஸ்க்ரூ தெரியாவிட்டால், அடியிலுள்ள வளையத்தைப் பேடோடு சேர்த்து உள்ளே அழுத்திப் பாருங்கள். குறுக்கே சிறு பின் ஒன்று தெரிந்தால், மெல்லிய கம்பியால் தட்டினாலே அது வந்துவிடும். திரும்பப் போடும்போது பின்னில் துளி கிரீஸ் தடவுங்கள். பேடை நடுவில் பிடித்து இழுக்காமல், பெயின்ட்டின் மேல் துணி மடித்து வைத்து, சுவருக்குப் பட்டி பூசும் அகலமான தகட்டை ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் நுழைத்து நெம்ப வேண்டும்.

கேள்வி: மீட்டர் போர்டையும் இப்படி எளிதாகக் கழற்றும்படி அமைக்கலாமா? – அதே வாசகர்

பதில்: அமைக்கலாம். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை நீக்கி, இழுத்தால் பிரியும் கனெக்டர்களைப் போட்டு, போர்டை ஒரு சாண் முன்னே இழுத்துப் பின்புறம் பார்க்கும் அளவுக்கு வயரை நீளமாக விடுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளின் நட்டைக் கையால் முடுக்கினாலே போதும். அதில் பிளையர் வைக்காதீர்கள்.