பழைய வியாபாரக் குடும்பங்களின் கணக்குக் காகிதங்களைக் காப்பகத்தில் வைத்து ஏன் காக்கிறார்கள்? வெறும் பற்று வரவுதானே?

முப்பத்தொரு வருடம் தணிக்கை வேலை பார்த்தவனிடம் "வெறும் பற்று வரவு" என்றால் சுருக்கென்று தைக்காதா? உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மூட்டை கிடக்கிறது, எடைக்குப் போடலாமா என்ற யோசனையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸில் மகன் வீட்டில் இருந்தபோது எனக்குப் பகலில் பொழுது போகவில்லை. அங்கே மிசௌரி வரலாற்றுச் சங்கத்தின் நூலகம், முன்பு யூதர்களின் தொழுகைக் கூடமாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. ஷோட்டோ குடும்பத்துக் காகிதங்கள் அந்தச் சங்கத்திடம்தான் உள்ளன. 1764இல் அந்த ஊர் உருவானதில் பங்குள்ள குடும்பம். தோல் வியாபாரத்தில் மிசௌரி ஆற்றின் மேல்பகுதிவரை கை நீண்டிருந்தது. காகிதங்களில் நிறைய பிரெஞ்சு. எனக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எது பற்று, எது வரவு, எங்கே பாக்கியைக் கீழே இழுத்திருக்கிறார்கள் என்பதற்கு மொழி வேண்டாம்.

ஆரம்பத்தில் அந்த ஊரில் நாணயம் அரிது, மான் தோல்தான் பணம். கம்பளி, வெடிமருந்து, கண்ணாடி மணி என்று பழங்குடி வேட்டைக்காரர்களுக்கு முன்கடனாகக் கொடுப்பார்கள். தோல் வந்ததும் கழித்துக்கொள்வார்கள். தோல் குறைந்தால் பாக்கி அடுத்த வருடத்துக்குப் போகும். நம்மூர் மண்டிக் கணக்கைப் பார்த்தவனுக்கு இது புதிதல்ல.

அந்தப் பாக்கி எப்படிப் பைசல் ஆனது என்பதுதான் என்னை உலுக்கியது. 1842இல் சாக், ஃபாக்ஸ் என்ற பழங்குடி மக்கள் அயோவாவில் மிச்சமிருந்த நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் வியாபாரிகளுக்குத் தர வேண்டிய 2,58,566 டாலரை அரசே கட்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதில் பெரிய தொகை இதே குடும்பத்துப் பியர் ஷோட்டோ ஜூனியர் கம்பெனிக்கு. பேரேட்டில் பாக்கியாக நின்றது, நிலம் போனதும் தீர்ந்தது.

"கொடுத்த கடனைக் கேட்டது தப்பா?" என்று சிலர் வருவீர்கள். தப்பு என்று நான் சொல்லவில்லை. பொருளுக்கு விலை போட்டவரும் கணக்கு எழுதியவரும் ஒரே ஆள், வாங்கியவரிடம் எதிர்க்கணக்கு கிடையாது என்கிறேன். தணிக்கையில் நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

அப்புறம் மார்கரிட். அந்தக் குடும்பத்துப் பெரியவர், ஜூனியரின் அப்பா பியர் ஷோட்டோவிடம் அடிமையாக இருந்தவர். தன் தாய்வழிப் பாட்டி நாட்செஸ் பழங்குடிப் பெண், அதனால் தான் அடிமையே இல்லை என்று வழக்குப் போட்டார். 1836இல் ஜூரி அவர் பக்கம் நின்றது. இன்னாருக்கு யார் தாய், யார் பாட்டி என்பதுதான் வழக்கே. அப்படிப்பட்ட ஊரில் பழைய காகிதத்தை எடைக்குப் போட முடியுமா?

நம்மூர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தாத்தாவின் பத்திர நகலுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தேன். அந்த வருடத்து ஏடு கரையான் அரித்துவிட்டது என்றார்கள். ஏழாவது முறை போனபோது அதே வருடம், அதே எண் போட்ட ஏடு மேசைமேல் இருந்தது. அதன்மேல் டீ டம்ளர். கேட்டால், மனு எழுதிக் கொடுங்கள் சார் என்கிறார்கள். கொடுத்து நாலு மாதம் ஆகிறது.

நீங்கள் மூட்டையை அவிழ்த்தால் கட்டு இருந்த வரிசையை மட்டும் கலைக்காதீர்கள்.