வாத்துக்கு ஒரு நியாயம், வௌவாலுக்கு ஒரு நியாயமா?

கேள்வி: எங்கள் கண்மாய்க்கு வரும் வாத்துகளைப் படம் பிடிக்க மதுரையிலிருந்து கார் போட்டு வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் கரையில் நிற்கும் ஆலமரம் முழுக்க வௌவால். ஒரே கத்தல், நாற்றம். போதாததற்கு வௌவாலால் பரவும் நிபா காய்ச்சல் பயம். இதுகளை ஒழிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: நோய்தான் காரணம் என்றால் வாத்தையும் சேர்த்து ஒழிக்க வேண்டும், சம்மதமா? பறவைக் காய்ச்சல் கிருமி காலங்காலமாகக் குடியிருப்பது காட்டு வாத்துகளின் குடலில்தான். 2014-ல் கேரளத்துக் குட்டநாட்டில் அது புகுந்தபோது வளர்ப்பு வாத்துகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று எரித்தார்கள். அதற்காக யாரும் கண்மாயைத் தூர்க்கச் சொல்லவில்லை. வாத்து பார்க்க லட்சணமாக இருக்கிறதே!

உங்கள் ஆலமரத்தில் தொங்குவது பழந்தின்னி வௌவாலாகத்தான் இருக்கும். கண்மாயில் நீந்தும் புள்ளிமூக்கு வாத்தும் அதுவும் தராசில் ஏறக்குறைய சமம். கிலோவை ஒட்டி நிற்கும். இறக்கையை விரித்தால் வாத்து மூன்றடி, வௌவால் நாலடி. இதெல்லாம் சில்லறை வித்தியாசம். வாத்து ஒரே ஈட்டில் எட்டு, பத்து முட்டை இடும். வௌவாலுக்கு வருஷத்தில் ஒரே குட்டி. அதையும் முதல் சில வாரம் மாரோடு ஒட்டவைத்துச் சுமந்தபடியே பறக்கும். ஒருநாள் வெடி போட்டு நூறு வௌவாலைக் கொன்றால், அந்த மரம் பழையபடி நிறைய எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இலுப்பைப் பழத்தை அது கவ்விக்கொண்டு போய் வேறு மரத்தில் உட்கார்ந்து மெல்லும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். கொட்டை கீழே விழும். பைசா செலவில்லாத விதைப்பு. இந்தப் பிராணியைத்தான் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் எலி, காக்கையோடு ‘தீங்குயிரி’ என்று பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலை எடுக்க 2022 வரை ஆயிற்று!

நிபா விளையாட்டல்ல, 2018-ல் கேரளத்தில் 17 பேர் இறந்தார்கள். கடிபட்ட பழத்தைத் தொடாதீர்கள், பதநீர்க் கலயத்தை மூடிக் கட்டச் சொல்லுங்கள், விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் எடுக்காதீர்கள். விரட்டினால் பக்கத்து ஊர் மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். உங்கள் மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. உங்களை அவ்வளவுகூடக் கேட்கவில்லை. ஆலமரத்தடியில் கட்டிலைப் போடாமல் இருந்தால் போதும்.